வேட்டை ரைபிளுக்கு வார்ப்பு ஈயக் குண்டு: கடினத்தைக் கடைசியில் பாருங்கள்

கேட்டவர் தந்திருக்கும் விவரம் இவ்வளவுதான். கையில் .30-30 தோட்டாவுக்கான, நெம்புகோலை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் லீவர் ஆக்‌ஷன் ரைபிள். தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்பவர். மான் வேட்டைக்கு இதுவரை செப்பு உறை போட்ட குண்டு பயன்படுத்திவந்தார், இப்போது வார்ப்பு ஈயக் குண்டுக்கு மாறப் பார்க்கிறார். விற்பவரிடம் பிரினெல் கடின எண் (எண் கூடினால் உலோகம் கடினம்) 12, 16, 22 என்று மூன்று வகை இருக்கிறதாம். எதை வாங்குவது, மெத்தென்று இருப்பதை வாங்கினால் குழலில் ஈயம் அப்பிக்கொள்ளுமா, எடை 150 கிரெய்னா 170 கிரெய்னா (கிரெய்ன் என்பது குண்டை நிறுக்கும் சிறு அலகு) என்று கேட்கிறார். படித்தால் கடினத்தைப் பற்றிய கேள்வி போலத்தான் தெரிகிறது. ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது இரண்டு: அந்தக் குண்டு குழலுக்குள் ஒழுங்காகப் போகுமா, போய்ப் பட்ட இடத்தில் மானை அலைக்கழிக்காமல் வீழ்த்துமா. கடின எண் இந்த இரண்டிலும் கொஞ்சம் தலைகாட்டும், இரண்டையும் தீர்மானிக்காது.

நான் நெடுங்காலமாகக் குண்டு வார்க்கிறேன். மற்றவர்களும் குழலை அளந்து சொல்லும்படி ரைபிளைக் கொண்டுவருவார்கள். ஈயம் அப்புகிறது என்ற புகாரோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது குண்டின் விட்டம் என்ன என்றுதான். பெரும்பாலானவர்களுக்குக் கடின எண் தெரிந்திருக்கும், விட்டம் தெரிந்திருக்காது.

.30-30 குழலின் உட்சுவரில், குண்டைச் சுழற்றுவதற்காக வரிப்பள்ளங்கள் வெட்டியிருக்கும். அவற்றின் அடிக்கு அடி அளந்த விட்டம் பொதுவாக 0.308 அங்குலம். செப்பு உறைக் குண்டும் அதே 0.308தான், அதற்கு அது போதும். ஈயத்துக்குப் போதாது. வெடிமருந்து எரிந்து கிளம்பும் வாயு, குண்டுக்கும் குழலுக்கும் நடுவே முடியளவு சந்து கிடைத்தாலும் அதில் புகுந்து முந்திக்கொண்டு ஓடும். ஓடும்போது குண்டின் ஓரத்து ஈயத்தை அரித்து எடுத்துப் போய் முன்னால் குழல் சுவரில் பூசிவிடும். நாம் பார்க்கும் ஈய அப்பலில் பெரும்பகுதி இப்படி வருவதுதான். அதனால் வார்ப்புக் குண்டு பள்ளத்தின் விட்டத்தைவிட ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டு அங்குலம் தடித்திருக்க வேண்டும், அதாவது 0.309 அல்லது 0.310. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 0.308 அளவில் 12 கடினக் குண்டு சுட்டு, ஈயம் அப்பியதும் "மெதுவாக (கடினமில்லாமல்) இருக்கிறது" என்று முடிவுகட்டி, அதே 0.308 அளவில் 22 வாங்குவார்கள். மெதுவான குண்டாவது பின்னாலிருந்து வரும் அழுத்தத்தில் சற்றே பருத்துச் சந்தை அடைக்கப் பார்க்கும். கடினமானது அதைக்கூடச் செய்யாது. சில குழல்களில் அப்பல் முன்னைவிட மோசமாவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே வாங்குவதற்கு முன் குழலை அளந்துவிடுங்கள். ரைபிளில் தோட்டா இல்லை என்று சேம்பரையும் (சுடும் தோட்டா உட்காரும் அறை) மேகசினையும் (மற்றத் தோட்டாக்கள் காத்திருக்கும் இடம்) பார்த்து உறுதிசெய்துகொண்டு, குழலுக்குள் எண்ணெய்த் துணியை ஒரு முறை ஓட்டுங்கள். பள்ளத்தின் அளவைவிடச் சற்றே தடித்த கலப்பில்லாத ஈயத் துண்டு வேண்டும். தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டு சரியாக இருக்கும். நகத்தால் கீறினால் கோடு விழுந்தால் அது மெதுவான ஈயம். லீவர் ரைபிளில் பின்பக்கம் அடைபட்டிருக்கும் என்பதால் வாய்ப்பக்கமிருந்தே நுழைக்க வேண்டும். மரச் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கியதும் சுற்றிலும் ஒரு மெல்லிய ஈய வளையம் சீவிக்கொண்டு வெளியே நிற்கும். அது வந்தால் துண்டு குழலை முழுதாக நிறைக்கிறது என்று பொருள். பிறகு பித்தளைக் கம்பியால் மெல்ல மெல்லத் தட்டித் தள்ளுங்கள். கை சொல்வதைக் கவனியுங்கள்: ஒரே சீராக இறுக்கமாகப் போகிறதா, நடுவில் எங்காவது சட்டென்று வழுக்குகிறதா, காட்சிக்குறி பொருத்த மேலே பள்ளம் வெட்டியிருக்கும் இடத்துக்குக் கீழே மட்டும் மறுபடி இறுகுகிறதா. வெளியே வந்த துண்டில் வரிகள் அப்படியே பதிந்திருக்கும். துண்டில் மேடாகத் தெரிவது குழலின் பள்ளம். எதிரெதிர் மேடுகளை மைக்ரோமீட்டரில் வைத்து அளக்க வேண்டும். சாதாரண வெர்னியர் கருவியை இந்த வேலைக்கு நான் நம்புவதில்லை. ஐந்து வரிக் குழலாக இருந்தால் மேட்டுக்கு எதிரே மேடு இருக்காது, அதை அளக்கத் தனிக் கருவி வேண்டும். பட்டறையில் கொடுத்துவிடுவது நல்லது.

பள்ளத்தை அளந்தால் பாதி வேலை முடிந்தது. சேம்பர் முடிந்து வரிகள் தொடங்கும் இடைப்பட்ட பகுதியைத் தொண்டை என்று வைத்துக்கொள்வோம். நிறையச் சுட்ட பழைய ரைபிள்களில் அது தேய்ந்து அகன்றிருக்கும். குண்டு முதலில் சந்திக்கும் இடம் அதுதான் என்பதால், அங்கே தொளதொளவென்று இருந்தால் பள்ளத்துக்குச் சரியான குண்டும் கோணலாக நுழையும். செரோசேஃப் என்ற உலோகக் கலவை இதற்கென்றே கிடைக்கிறது. நூறு டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகிவிடும், சேம்பரில் ஊற்றி ஆறவைத்துத் தட்டி எடுக்கலாம். முதலில் சுருங்கிப் பிறகு மெல்ல விரியும் தன்மை அதற்கு உண்டு. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் சேம்பரின் உண்மையான அளவு கிடைக்கும். இந்த அளவுகளை வைத்துக்கொண்டு, தொண்டையில் பொருந்துகிற அளவுக்குத் தடித்த குண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரு எல்லை உண்டு, அதை மீறக் கூடாது. குண்டு பொருத்திய பிறகு, மருந்தை அடக்கிய பித்தளைக் கூட்டின் கழுத்து பருத்திருக்கும். அது சேம்பரில் சிக்கினால் சுடும்போது கழுத்து விரிந்து குண்டை விட இடமிருக்காது, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். நிரப்பிய தோட்டா விரலால் தள்ளினாலே சேம்பருக்குள் முழுதாக இறங்க வேண்டும்.

அடுத்து குண்டின் அடிப்பாகம். வெறும் தட்டையான அடி, செப்புக் கிண்ணம் போட்ட அடி, ஓரம் சரித்த அடி என்று மூன்று விதம் பார்ப்பீர்கள். சரித்த அடி அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று விழும், கூட்டிலும் சுலபமாக நுழையும், அதனால் வார்ப்பவர்களுக்கு அது பிடிக்கும். ரைபிள் வேகத்தில் அந்தச் சரிவே வாயு புக வழி செய்து கொடுக்கும்; விட்டுவிடுங்கள். வெறும் தட்டை அடி வினாடிக்கு 1,400 அடி வரை தொல்லை தராது. பக்குவமாக நிரப்புபவர்கள் இன்னும் சற்று மேலே போவார்கள். .30-30இல் மான் வேட்டைக்கு 1,800 முதல் 2,000 அடி வேகம் தேவைப்படும். அங்கே காஸ் செக் எனப்படும் அந்தச் செப்புக் கிண்ணம் இல்லாமல் முயல வேண்டாம். குண்டின் அடியில் வாயு நேரடியாகப் படாமல் தடுப்பதோடு, ஓரத்தையும் கூர்மையாக நிறுத்தி வைக்கும். குண்டைத் திருப்பிப் பாருங்கள், கிண்ணம் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் அந்தக் குண்டைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடலாம்.

இப்போது கடினம். கலப்பில்லாத ஈயம் பிரினெல் 5. இருபது பங்கு ஈயத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் ஏறத்தாழ 10. பழைய ஈயச் சக்கர எடைகளை (வண்டிச் சக்கரத்தைச் சமன்செய்யப் பொருத்துபவை) உருக்கி வார்த்து ஆறவிட்டால் 12 பக்கம் வரும். 90 பங்கு ஈயம், 5 வெள்ளீயம், 5 ஆன்டிமனி (ஈயத்தைக் கடினமாக்கும் உலோகம்) என்ற லைமன் இரண்டாம் எண் கலவை 15. அச்சுக்கூடங்களில் ஒருகாலத்தில் பயன்பட்ட லைனோடைப் உலோகம், 84 பங்கு ஈயத்தோடு 12 ஆன்டிமனியும் 4 வெள்ளீயமும் கொண்டது, 22. உங்கள் விற்பவர் சொல்லும் மூன்றையும் இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். 22 என்றால் லைனோடைப்புக்கு நெருக்கமான கலவையாக இருக்கலாம். அல்லது குறைந்த ஆன்டிமனி உள்ள கலவையை அச்சிலிருந்து நேராகத் தண்ணீரில் தள்ளிக் கடினமாக்கியதாக இருக்கலாம். சக்கர எடையில் துளியூண்டு ஆர்சனிக் இருப்பதால் தண்ணீரில் விழுந்ததும் அது அப்படிக் கடினப்படும். ஒரே எண், ஆனால் இரண்டும் மானின் உடலில் ஒன்றுபோல நடந்துகொள்ளாது. ஆன்டிமனி மிகுந்தது எலும்பில் பட்டால் நொறுங்கக்கூடும். ஆன்டிமனி குறைந்து தண்ணீரில் கடினப்பட்டது அவ்வளவு சுலபமாக நொறுங்காது. ஆகவே எண்ணைக் கேட்பதோடு கலவையையும் கேளுங்கள். சொல்ல மறுக்கும் விற்பவரிடம் பயிற்சிக்கு வேண்டுமானால் வாங்கலாம்.

கடைச் சரக்கு ஏன் பெரும்பாலும் கடினமாகவே இருக்கிறது என்று நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பெட்டியில் ஆயிரம் குண்டு ஒன்றோடொன்று மோதிக்கொண்டு பயணம் போக வேண்டும். மெதுவான குண்டு நசுங்கிப் போய்ச் சேரும், வாங்கியவர் புகார் செய்வார். அந்தக் கடினம் விற்பவரின் வசதிக்கு வந்தது, மானுக்காக வந்ததல்ல.

உங்களுக்கு நான் சொல்வது 12, காஸ் செக் போட்டது. அகலமான தட்டை மூக்கோடு 16 கிடைத்தால் அதுவும் பரவாயில்லை. 22 வேண்டாம். அது விரியாமல் ஊசி போல ஊடுருவிப் போய்விடும், இல்லையென்றால் எலும்பில் பட்டு உடையும்; வேட்டையில் இரண்டுமே நமக்கு வேண்டாதவை. தானே வார்க்கும் எண்ணம் பின்னால் வந்தால், சக்கர எடையும் மெதுவான ஈயமும் சரிபாதி, கூடவே கொஞ்சம் வெள்ளீயம் என்ற பழைய கலவையிலிருந்து தொடங்குங்கள். வெள்ளீயம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஈயத்தை நிரம்ப வைக்கும். இன்றைய சக்கர எடைகளில் துத்தநாகமும் கலந்து வருகிறது, கவனம். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், துத்தநாகத்துக்கு 419 வேண்டும். சூட்டைக் கூட்டாமல் வைத்திருந்தால் துத்தநாக எடைகள் உருகாமல் மேலே மிதக்கும், அள்ளி எறிந்துவிடலாம்.

இதுவரை சொன்னதில் விட்டம், அடிப்பாகம், கூட்டுக் கழுத்தின் இடைவெளி மூன்றும் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. இனி வருவது அப்படியல்ல. கடின எண்ணை 1,422ஆல் பெருக்கினால் அந்தக் கலவை தாங்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குப் பவுண்டில் கிடைத்துவிடும், அதைத் தாண்டக் கூடாது என்று ஒரு சூத்திரம் சுற்றுகிறது. கணக்காகப் பார்த்தால் அது அலகு மாற்றம்தான், தப்பில்லை. ஆனால் 12ஐ அப்படிப் பெருக்கினால் வருவது 17,000 சொச்சம். .30-30க்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 42,000. இந்த இரண்டுக்கும் நடுவே, காஸ் செக் போட்ட 12 கடினக் குண்டைச் சுத்தமாகவும் குறிதவறாமலும் சுடுகிறவர்கள் எத்தனையோ பேர். பொருத்தமும் குண்டில் பூசும் மசகும் சரியாக இருந்தால் சூத்திரம் போடும் கோட்டைத் தாண்டலாம் என்பது என் கருத்து. வேறு கருத்துள்ள அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். சுழற்சி வேகம் பற்றிய வாதமும் இதே ரகம். .30-30 குழல் பொதுவாக 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 2,000 அடி வேகத்தில் குண்டு வினாடிக்கு 2,000 சுற்று, நிமிடத்துக்கு 1,20,000 சுற்று சுழல்கிறது. அதற்கு மேல் போனால் வார்ப்பில் உள்ள சிறு குறைகூடக் குறியைச் சிதறடிக்கும் என்கிறது ஒரு கட்சி, நன்றாக வார்த்து நன்றாகப் பொருத்தினால் அப்படி எல்லையே இல்லை என்கிறது மறு கட்சி. உங்கள் வேகம் அந்த எல்லைக்கு உள்ளேயே இருப்பதால் இந்தச் சண்டை உங்களுக்கு வேண்டாம்.

எந்த வேகத்துக்குக் கீழே 12 கடினக் குண்டு விரியாது என்பதற்கும் எல்லோருக்கும் பொருந்தும் ஒரு எண் கிடையாது. கலவை, மூக்கின் வடிவம், எலும்பில் பட்டதா சதையில் பட்டதா என்று எல்லாம் சேர்ந்து மாற்றும். செய்தித்தாள்களை இரவு முழுக்க நீரில் ஊறவைத்துக் கட்டாக அடுக்கி, நீங்கள் வேட்டையில் சுட நினைக்கும் தூரத்திலேயே வைத்துச் சுடுங்கள். 25 மீட்டரில் பூப்போல விரிந்து வந்த குண்டு 100 மீட்டரில் வார்த்தது வார்த்தபடி வெளியே வருவதைப் பார்த்தால், உங்கள் தூரத்தை நீங்களே குறைத்துக்கொள்வீர்கள். இந்தத் தோட்டாவுக்கு 100 மீட்டரை நான் எல்லையாக வைப்பேன், அதுவும் மான் பக்கவாட்டில் நின்று, நெஞ்சுக்கூடு முழுதாகத் தெரிந்தால் மட்டும்.

விரிவதையே நம்பியிருக்கத் தேவையில்லாதபடி மூக்கைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அகலமான தட்டை மூக்கு, குண்டின் விட்டத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் வரை இருந்தால், விரியாவிட்டாலும் சதையை ஒதுக்கித் தள்ளாமல் நசுக்கி வெட்டிக்கொண்டே போகும், நேராகவும் போகும். உங்கள் ரைபிளுக்கு வேறொரு கட்டாயமும் உண்டு. குழலுக்கு அடியில் நீளக் குழாய் மேகசின் இருந்தால் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும், பின் தோட்டாவின் மூக்கு முன் தோட்டாவின் அடியிலுள்ள பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடி) முட்டும். கூர்மூக்கு ஈயக் குண்டு அங்கே போகவே கூடாது. சுடும்போது ஏற்படும் உதைப்பில் பிரைமர் வெடித்துவிடலாம். விற்பவர் படத்தில் மூக்கு உருண்டையாகத் தெரிந்தாலும் தட்டை முகம் எவ்வளவு அகலம் என்று அளவு கேட்டு வாங்குங்கள்.

மசகைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. தேன்மெழுகும் ஆலாக்ஸ் என்ற பெட்ரோலிய மசகுப் பொருளும் சரிபாதி கலந்த மெதுவான மசகு இந்த வேகத்துக்குத் தாராளம். கடைக் குண்டுகளில் வரும் கண்ணாடி போன்ற கெட்டி மெழுகு, பெட்டிக்குள் ஒட்டாமல் இருக்கத்தான் அதிகம் உதவுகிறது. பவுடர் பூச்சுப் பூசிச் சூளையில் சுட்ட குண்டும் இப்போது கிடைக்கிறது, கையில் அழுக்காகாது, புகையும் குறைவு. பூச்சு குண்டைச் சற்றே தடிக்க வைக்கும் என்பதால் வாங்கும்போது பூச்சுக்குப் பிந்திய விட்டத்தைக் கேளுங்கள். ஈயம் அப்பினால் எங்கே அப்பியிருக்கிறது என்று பாருங்கள். சேம்பர் பக்கம் அப்பியிருந்தால் முதலில் விட்டத்தைச் சந்தேகியுங்கள், வாய்ப்பக்கம் மட்டும் அப்பியிருந்தால் மசகு பாதியிலேயே தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவு நாள் செப்பு உறைக் குண்டு சுட்ட குழல் என்பதால், ஈயத்துக்கு மாறும் முன் செம்புக் கறையைப் பளிச்சென்று தேய்த்து எடுத்தாக வேண்டும். அதைச் செய்யாமல் எந்தக் குண்டையும் குறை சொல்லாதீர்கள்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. அதிவேகத்தில் பாய்ந்து உடையும் உறைக் குண்டுகளைப் போல வார்ப்புக் குண்டு துகள்களை வெகுதூரம் சிதறடிப்பதில்லை, ஆனாலும் ஈயம் ஈயம்தான். காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த இறைச்சியைச் சாப்பிடாமல் இருப்பதே நல்லது. சட்டமும் இடத்துக்கு இடம் மாறும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. வேட்டையே தடைசெய்யப்பட்ட நாடுகளும் உண்டு. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, வாங்கும் முன் உங்கள் பகுதி விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தின் அளவை நான் இங்கே எழுதமாட்டேன். உங்கள் ரைபிளைப் பார்க்காமல் யார் எழுதினாலும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வார்ப்புக் குண்டுக்கென்று அச்சிட்ட நிரப்புக் கையேட்டில், அதே எடைக்குத் தந்திருக்கும் தொடக்க அளவிலிருந்து ஏறுங்கள். உறைக் குண்டின் கணக்கை இதற்கு மாற்றிப் போடக் கூடாது. சுடும்போது சத்தம் சோப்ளாங்கியாக வந்தால் நிறுத்திவிட்டுக் குழலைப் பாருங்கள். குண்டு உள்ளே நின்றிருக்கும்போது அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

கடைசியாக எடை: 170. வேகத்தை ஓர் எல்லைக்கு மேல் ஏற்ற முடியாத இடத்தில் பலம் எடையிலிருந்துதான் வரவேண்டும். நீளமான குண்டு குழலில் அதிக நீளத்துக்குப் பிடிப்போடு போகும் என்பதும் ஒரு லாபம். பெட்டியில் 170 என்று போட்டிருந்தாலும் தராசில் போட்டுப் பாருங்கள். ஆன்டிமனியும் வெள்ளீயமும் ஈயத்தைவிட லேசானவை, அதனால் ஒரே அச்சில் கடினக் கலவை எடை குறைவாகவும் மெதுவான கலவை கூடுதலாகவும் விழும். மொத்தமாக வாங்காமல் 0.309இலும் 0.310இலும் ஐம்பது ஐம்பது மாதிரி கேட்டு வாங்கி, உங்கள் சேம்பரில் தடையில்லாமல் இறங்குவதில் தடித்ததை முதலில் சுட்டுப் பாருங்கள். கூட்டின் வாயைக் குண்டு பொருத்தும் முன் லேசாக விரிக்கும் டை (அச்சுக் கருவி) வேண்டும், இல்லாவிட்டால் பித்தளை ஓரம் ஈயத்தைச் சீவி, இவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கிய விட்டத்தைக் கெடுத்துவிடும். குண்டின் உடம்பில் கூட்டு வாயை மடக்கிப் பிடிக்க ஒரு தனிப் பள்ளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத குண்டைக் குழாய் மேகசினில் போட்டால், ஸ்பிரிங் தள்ளும் தள்ளலில் குண்டு கூட்டுக்குள்ளேயே இறங்கிவிடும்.